பாலக்காட்டில் பனி ரேடார்: உமிக்கு மாற்று சொல்லுங்கள்

நண்பர்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். இமயமலையில் படியும் பனியின் ஆழத்தையும் அதிலுள்ள நீரின் அளவையும் அளக்கச் சிறிய ரேடார் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே ஐஸ் பெட்டியைத் தவிர வேறெங்கும் பனி கிடையாது. சோதிக்க என்ன செய்வது?

மர மேசையளவுப் பெட்டி, அடியில் தகரத் தகடு, மேலே 2 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் இயங்கும் இரண்டு ஆன்டெனாக்கள், ஒன்று அலையை அனுப்ப, மற்றது எதிரொலியைப் பெற. பனிக்குள் அலையின் வேகம் குறைவதால் தகடு இருப்பதைவிட ஆழத்தில் தெரியும். அடர்த்தி கன செ.மீ.க்கு 0.3 கிராம் உள்ள உலர் பனியின் ஒப்புமை விடுதிறன் (கூடக்கூட அலையின் வேகம் குறையும்; காற்றுக்கு ஏறத்தாழ 1) சுமார் 1.57. அதாவது 60 செ.மீ. ஆழம் ஏறத்தாழ 75 செ.மீ. ஆகத் தெரிய வேண்டும்.

பனிக்குப் பதிலாக ரைஸ் மில்லில் நான்கு சாக்கு உமி வாங்கிக் கொட்டினேன். 75க்குப் பதில் 68 செ.மீ.தான் காட்டியது. மறுநாள் காலை 71! இரவெல்லாம் மொட்டை மாடியில் ஈரம் குடித்திருக்கிறது. "மாட்டுக்கு வைக்கவா, மிஷினுக்கு வைக்கவா?" என்று அத்தை கேட்கிறார்.

தெர்மோகோல் காற்றைப் போலவே இருக்கிறது, உலர் மணலின் விடுதிறனோ 2.5ஐத் தாண்டிவிடுகிறது. விடுதிறன் 1.5 அளவில், ஈரம் உறிஞ்சாத, மலிவான பொருள் எது? பிளாஸ்டிக் குருணையை யாராவது அளந்ததுண்டா? கோவை, பொள்ளாச்சிப் பக்கம் கிடைத்தாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று: ஆன்டெனாக்களுக்கு இடையே நேரடியாகக் கசியும் அலை, மேற்பரப்பு எதிரொலியை மூடிவிடுகிறது. நடுவில் தகரத் தடுப்பு வைத்தும் பாதிதான் குறைந்தது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.