டென்மார்க்கில் ஈழத்து அம்மா ஒருவர் நடத்தும் அபிராமி கோயில் பற்றி விவரம் தெரிந்தவர்கள் உண்டா?

அம்மாபேட்டை தறிக்காரன்
ஆடி பிறந்தால் சேலத்தில் சாமி வந்து ஆடாத தெரு கிடையாது. சக்தி அழைப்பு அன்று என் அத்தைக்கும் அம்மன் வரும். திருநீறு வாங்கி ரெண்டு வாக்குக் கேட்பதோடு சரி, மறுநாள் அவர் தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விடுவார், கருவறைப் பக்கம் பூசாரி விடமாட்டார். ஆனால் டென்மார்க்கில் பிராண்டே என்ற சின்ன ஊரில் பெண் ஒருவரே பூசையும் செய்து அருள்வாக்கும் சொல்கிறாராம். போன இடத்தில் நம் சனம் இதை எப்படி ஏற்றுக்கொண்டது?

தாரமங்கலம் முகாம் பிள்ளை
அண்ணா, என் சின்னம்மா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அபிராமி உபாசகி என்பார்கள், அவரும் ஈழத்திலிருந்து போனவர்தான். அங்குள்ள நம் ஆட்கள் பெரும்பாலும் 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அகதியாகப் போனவர்கள். முன்னால் போனவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டால், 1987இல் அந்நாட்டு நீதி அமைச்சர் அதையெல்லாம் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார், அது வெளியே வந்து 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகவேண்டி வந்தது. ஊரில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் கிடந்த சனம் அண்ணா. குருக்கள் அர்ச்சனை செய்வார், பதில் சொல்லமாட்டார். இவரிடம் போனால் அம்பாளே வாய் திறந்து பேசுகிறாள் என்று நம்புகிறார்கள். சின்னம்மா பனியில் குளிர் கோட்டுக்கு உள்ளே சேலையைச் சுற்றிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்து "என்ர பொடியன் வருவானோ" என்று கேட்டாராம். என்ன வாக்கு வந்தது என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை.

ஏற்காடு காப்பித் தோட்டம்
அங்கிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் ஹெர்னிங் ஊரில் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது, அது குருக்கள் வைத்து ஆகமப்படி நடப்பது. இங்கே என்றால் பரம்பரை அறங்காவலர், முதல் மரியாதை, எந்தத் தெருவுக்கு எந்த மண்டகப்படி என்று எல்லாம் முன்பே பங்கு போட்டாகிவிட்டது, பெண் உள்ளே நுழைய இடமே இல்லை. அங்கே அந்தப் பங்காளிகள் யாரும் இல்லை. நம் பக்கத்திலும் மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள், அதனால் முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன், வியாதிக்கு வாக்குக் கேட்கப் போகிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
தோட்டக்காரர் அண்ணா, மாத்திரை பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஆண் சாமியார் என்றால் யாரும் இதை முதலில் ஞாபகப்படுத்துவதில்லை. என் மாமியாருக்கும் சாமி வரும், இறங்கினதும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும், இருந்தும் அன்றைக்கு அடுப்படி வேலையை அவர்தான் பார்க்கவேண்டும். வாசலில் நிற்கிற அத்தனை பேர் துக்கத்தையும் வருசக்கணக்காகக் கேட்கிற ஒரு பெண்ணுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள், அதை யாராவது விசாரித்தீர்களா?

தாரமங்கலம் முகாம் பிள்ளை
அக்கா, இதை நானும் கேட்டதில்லை. சின்னம்மா ஆடிக்கு வருகிறார், சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்குக் கூட்டிப் போகிறேன். தறிக்காரர் அண்ணாவும் அத்தையை அழைத்துக்கொண்டு வாருங்கள், ரெண்டு பேரும் பேசட்டும்.