வல்லூறா, அக்காக்குயிலா? ஒரே மரம், மூன்று படம், குழப்பம்

கேள்வி:
சிறுமலை அடிவாரம், மாந்தோப்பு ஓரம், செப்டம்பர் கடைசி, காலை 7 மணி. புறா அளவு, பழுப்பு முதுகு, வெள்ளை மார்பில் பழுப்புத் தீற்றல், வாலில் குறுக்குப்பட்டை. பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி படம் 1-ஐ அக்காக்குயில் என்கிறது, படம் 3-ஐ வல்லூறு என்ற சிறிய வேட்டைப்பறவை என்கிறது. தவிட்டுக்குருவிகள் ஓயாமல் கத்தின, அதனால் வல்லூறு என்று நினைக்கிறேன். சரியா?

பதில் 1:
தவிட்டுக்குருவி கத்தியதை வைத்து முடிவு செய்யாதீங்க. அக்காக்குயில் முட்டையிடுவதே தவிட்டுக்குருவியின் கூட்டில்தான்; பறப்பதும் வல்லூறு போலவே, சில வேகமான சிறகடிப்பு, பிறகு ஒரு சறுக்கல். இரண்டைக் கண்டாலும் தவிட்டுக்குருவி கத்தும். மார்புத் தீற்றலும் உதவாது, இரண்டின் இளம் பறவைக்கும் உண்டு.

முதலில் காலைப் பாருங்க. வல்லூறுக்கு நீண்ட, மொட்டையான மஞ்சள் கால். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, கூரிய நகம். குயிலுக்குக் குட்டைக் கால். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அடுத்து அலகு. வல்லூறின் அலகு குட்டை, அடியிலிருந்தே கொக்கியாக வளையும். குயிலுடையது மெலிந்து லேசாகத்தான் வளைந்திருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு: குயில் அலகின் அடியும் பசுமஞ்சள், மங்கலான படத்தில் வல்லூறின் மூக்குச்சதை (அலகின் அடியில் உள்ள மஞ்சள் தோல்) போலத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு வளைவைப் பாருங்க.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தால் விரலெல்லாம் கரைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்க.

கேட்டவர்:
அனுப்பிட்டேன். வானம் பின்னால் இருப்பதால் பறவை கறுப்பாக இருக்கு.

பதில் 2:
எடிட் செய்யும்போது எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சம்) தொடாமல் ஷேடோஸை (இருண்ட பகுதிகள்) மட்டும் ஏற்றுங்க. முழுப் படத்தையும் வெளுத்தால் மார்புக் கோடுகள் போய்விடும். அடுத்த முறை கேமராவிலேயே எக்ஸ்போஷரை +1 வைத்து எடுங்க. வானம் வெளுத்தால் பரவாயில்லை.

பதில் 1:
ஒரிஜினல் பார்த்தேன். படம் 1-இல் கிளையைப் பிடித்தபடி முன்பக்கம் இரண்டே விரல், வால் நுனி செம்பழுப்பு, அதற்கு மேலே அகலமான கறுப்புப் பட்டை. இறக்கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதும் குயில்தான். அக்காக்குயில், இளசு.

படம் 3-இல் அலகு கொக்கி, தொண்டை நடுவே மெல்லிய கருங்கோடு, இலைக்கு நடுவே நீண்ட மஞ்சள் கால். இளம் வல்லூறு. செயலி இரண்டிலுமே சரி. நீங்கள்தான் ஒரே பறவை என்று வைத்துக்கொண்டீர்கள். படங்களின் நேரத்தைப் பாருங்க, நடுவே இருபது நிமிடம் இருக்கு.

பதில் 3:
தொண்டைக் கோடு தடித்திருந்தால் பெஸ்ராவையும் (வல்லூறு போன்ற இன்னொரு வேட்டைப்பறவை) யோசிக்கணும், மலைக்காடு பக்கம்தானே?

பதில் 1:
கேட்க வேண்டியதுதான். ஆனால் இதில் நூல் போலத்தான் இருக்கு. பெஸ்ராவுக்குப் பட்டையாக இறங்கும்.

கேட்டவர்:
அப்போ படம் 2?

பதில் 1:
முதுகும் மடங்கிய இறக்கையும் மட்டும்தான் தெரியுது. கால், அலகு, வால் நுனி மூன்றும் மறைவு. அதைப் பெயரிடாமல் விடுங்க. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் 1-ஐயும் 3-ஐயும் தனித்தனி இனமாக ஏற்றினால் போதும்.