தாமஸ் கோப்பை 2022: இறுதிப் போட்டியில் பிரணாய் ஏன் ஆடவில்லை?

மாலைநேர ஷட்டில்:
என் மகள் அண்மையில்தான் இறகுப்பந்துப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்குக் காட்டுவதற்காக, 2022 மே மாதம் பாங்காக்கில் நடந்த, ஆண்கள் அணிகளுக்கான உலக இறகுப்பந்துப் போட்டியான தாமஸ் கோப்பையின் பதிவுகளை மீண்டும் பார்த்தோம். காலிறுதியில் மலேசியாவையும் அரையிறுதியில் டென்மார்க்கையும் இந்தியா 3-2 என்று வென்றபோது, இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தை ஆடி அணியைக் கரைசேர்த்தவர் பிரணாய். ஆனால் இந்தோனேசியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் அவர் களத்துக்கே வரவில்லை. அரையிறுதியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் பட்ட அடிதான் காரணமா? அவ்வளவு நன்றாக ஆடியவரை முதலிலேயே இறக்காமல் கடைசிவரை ஏன் காக்க வைத்தார்கள்? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வலையோரம்:
காயம் காரணமில்லை. இறுதிப் போட்டிக்கான பட்டியலில் ஐந்தாவது ஆட்டக்காரராக, ஷேசர் ஹிரேன் ருஸ்தாவிதோவுக்கு எதிராக, அவருடைய பெயர் இருந்தது. இரண்டு அணிகள் மோதும் ஒரு சுற்றில் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள். தோற்றால் வெளியேற வேண்டிய நாக்அவுட் கட்டத்தில் ஓர் அணி மூன்றை வென்றுவிட்டால் மீதியை ஆட மாட்டார்கள். அன்று முதல் மூன்றையும் இந்தியாவே வென்றுவிட்டதால், பிரணாய் ஆட வேண்டிய தேவையே எழவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒற்றையர் வரிசையைப் பயிற்சியாளர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. ஆடப்போகும் மூவரும் உலகத் தரவரிசைப்படிதான் இறங்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால், எதிரணியின் முதல் வீரருக்கு எதிரே தங்கள் அணியின் பலவீனமான ஆட்டக்காரரைப் பலிகொடுத்துவிட்டு, மற்ற இரண்டு ஆட்டங்களையும் சுலபமாகப் பறித்துக்கொள்ள எந்த அணியும் முயலும். அப்போது லக்ஷ்ய சென், ஸ்ரீகாந்த் இருவரும் தரவரிசையில் பிரணாயைவிட முன்னால் இருந்தார்கள். அதனால் அவருக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்.

காலிறுதி, அரையிறுதி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் லக்ஷ்ய சென் தோற்றார், நம் முதல் இரட்டையர் இணையான சாத்விக்-சிராக் வென்றார்கள், ஸ்ரீகாந்த் வென்றார், இரண்டாவது இரட்டையரில் நாம் தோற்றோம், பிரணாய் வென்றார். அச்சில் வார்த்ததுபோல் ஒரே வரிசை! மலேசியாவின் லீ ஸி ஜியா, டென்மார்க்கின் அக்செல்சன் போன்ற முதல் வீரர்கள் பல அணிகளிடம் இருந்தார்கள். ஆனால் பிரணாய் அளவுக்கு வலுவான மூன்றாவது வீரர் அன்று மிகச் சில அணிகளிடமே இருந்தார். கோப்பை இந்தியாவுக்கு வந்ததற்கு அதுவே முதன்மையான காரணம் என்று நான் சொல்வேன்.

பின்கோட்டுக்காரன்:
வலையோரம் விதியைச் சரியாக விளக்கியிருக்கிறார். அவருடைய கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நம்மிடம் நல்ல ஒற்றையர் வீரர்கள் இல்லாத காலமே அரிது. 1980இல் பிரகாஷ் படுகோனும் 2001இல் கோபிசந்தும், இறகுப்பந்தின் புகழ்பெற்ற தனிநபர் பட்டங்களில் ஒன்றான ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்றவர்கள். ஆனாலும் 1949இல் தொடங்கிய தாமஸ் கோப்பையில், 2022க்கு முன்பு நாம் ஒருமுறைகூட இறுதிக்கு முன்னேறியதில்லை. எதிரணிக்கு அச்சம் தரும் ஓர் இரட்டையர் இணை இல்லாததுதான் நெடுநாள் குறை, அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் சாத்விக்கும் சிராக்கும்.

இறுதிப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவின் கிந்திங்கிடம் 8-21 என்று முதல் செட்டைப் பறிகொடுத்த லக்ஷ்ய சென், அடுத்த இரண்டையும் 21-17, 21-16 என்று மீட்டார். அதற்கு அடுத்ததாகச் சாத்விக்-சிராக் இணை, அஹ்சன்-கெவின் இணையிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவது செட்டில் இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட் வரை தள்ளப்பட்டு, அங்கிருந்து மீண்டு 18-21, 23-21, 21-19 என்று வென்றது. அஹ்சனும் கெவினும் வழக்கமான கூட்டாளிகள் அல்லர் என்பது உண்மைதான்; ஆனாலும் தனித்தனியே இருவருமே அன்று உலகின் தலைசிறந்த இரட்டையர் வீரர்கள். அந்த ஆட்டம் கைநழுவியிருந்தால், உங்கள் மகள் பிரணாயின் ஆட்டத்தையும் பார்த்திருக்கக்கூடும். மூன்றாவதாக ஆடிய ஸ்ரீகாந்த், ஜோனாத்தன் கிறிஸ்டியை 21-15, 23-21 என்று வென்று முடித்துவைத்தார். அந்தத் தொடரில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அவர் தோற்கவில்லை என்பதை ஏனோ பலரும் நினைவில் வைப்பதில்லை.

மாலைநேர ஷட்டில்:
இருவருக்கும் நன்றி. மகளிடம் இதைச் சொன்னதும், "அப்படியென்றால் பிரணாய் முதல் ஆட்டம் ஆடியதே இல்லையா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டாள்.

வலையோரம்:
ஆடியிருக்கிறார். 2024இல் செங்டுவில் நடந்த தாமஸ் கோப்பையின்போது தரவரிசையில் அவரே இந்தியர்களில் முன்னணியில் இருந்ததால், சீனாவுக்கு எதிரான காலிறுதியில் முதல் ஆட்டமே அவருடையது. ஷி யுசியிடம் மூன்று செட் போராடித் தோற்றார். இந்தியா 1-3 என்று வெளியேறியது. அன்று இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி லக்ஷ்ய சென்னுடையது. தம் இரட்டையர் வாதத்துக்கு வலு கிடைத்ததென்று பின்கோட்டுக்காரன் மகிழ்ச்சியடைவார்: அந்தச் சுற்றில் நாம் ஆடிய இரண்டு இரட்டையர் ஆட்டங்களிலுமே தோற்றோம்.