ஏ லைசென்ஸ் வந்தாச்சு: சொந்த ரிக் வாங்கலாமா, வாடகையே போதுமா?

மேகக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். தெற்குக் கலிபோர்னியாவில் ஸ்கைடைவிங் பழகினேன். அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ கேட்கும் 25 ஜம்ப்பும் தேர்வும் முடிந்து, முதல் உரிமமான ஏ லைசென்ஸ் வந்துவிட்டது. இதுவரை பயிற்சிக் கட்டணத்திலேயே ரிக்கும் (முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பு) சேர்ந்திருந்தது. இனி ஒரு ஜம்ப்புக்கு 30 டாலர், நாள் முழுக்க என்றால் 80 டாலர் வாடகை. குதிக்க ஏறும் விமானத்துக்கு டிக்கெட் தனி.

இங்கே ஒருவர் தன் ரிக்கை 3,800 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். ஜாவ்லின் கன்டெய்னர் (பாராசூட்டுகள் அடங்கும் பை), மெயின் (முதன்மைப் பாராசூட்) ஸேபர் 2 170, ரிசர்வ் (அவசரப் பாராசூட்) பிடி 143; எண்கள் சதுர அடி. சைப்ரஸ் (ஆள் திறக்காவிட்டால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவி, பொதுப்பெயர் ஏஏடி) இன்னும் மூன்று வருடம் ஓடும். என் எடை 72 கிலோ. இப்போது வாடகைக்கு எடுப்பது நேவிகேட்டர் 220. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். வாங்கிவிடலாமா?

கணக்குப்பிள்ளை

வேண்டாம். குறைந்தது ஒரு வருடம் வாடகையில் ஓட்டுங்கள்.

வருடத்துக்கு 60 ஜம்ப் என்று வையுங்கள். ஒரு நாளில் நாலு போட்டால் 15 நாள். நாளுக்கு 80 டாலர் வீதம் 1,200. சொந்த ரிக் என்றால் முதலிலேயே 3,800 முடங்கும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை ரிசர்வைப் பிரித்து மடித்தே (ரீபேக்) ஆக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு நூறு டாலர் பக்கம். மூன்று வருடத்தில் சைப்ரஸ் ஆயுள் முடியும், புதுசுக்கு 1,300 எடுத்து வையுங்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் குதித்தாலும் குதிக்காவிட்டாலும் அந்த 180 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் நியூ ஜெர்சி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பல டிராப் ஸோன் (குதிக்கும் மைதானம்) பூட்டியிருக்கும். அதோடு ஒரு மாதம் ஊருக்குப் போனால், ரிக் அலமாரியில் தூங்க, ரிசர்வ் தேதி போய்க்கொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, இன்று 220-ல் இருப்பவர் வருடக் கடைசியில் 190-ல் இருப்பார். இப்போது வாங்குவது அப்போது பொருந்தாது. விற்க வேண்டும், திரும்ப வாங்க வேண்டும், இரண்டு முறையும் கை நஷ்டம்.

தும்பிப்பெண்

கணக்குப்பிள்ளை அண்ணா, கணக்கு சரி. ஆனா பாதிக் கணக்குதான்.

பழைய ரிக்கை 3,800-க்கு வாங்கி, இரண்டு வருஷம் நல்லா வச்சிருந்து 3,200-க்கு வித்தா உண்மையான செலவு 600 தானே? முடங்கினதை எல்லாம் செலவுன்னு எழுதினா எப்படி? ஏஏடியும் அப்படித்தான். புது சைப்ரஸ் 15.5 வருஷம் வரும், வருஷத்துக்கு 85 டாலர் கூட ஆகாது. நீங்க சொன்ன அதே 60 ஜம்ப்புக்கு, ரீபேக், தேய்மானம் எல்லாம் சேர்த்தாலும் சொந்த ரிக் வாடகையில் பாதிதான் வரும். அவர் இருக்கிறது கலிபோர்னியா. அங்கே வருஷம் பூரா குதிக்கலாம், 60-ல நிக்க மாட்டார்.

பணத்தை விடுங்க. நான் 50 கிலோ. டெக்சாஸ்ல எனக்கு வாடகைக்குக் கிடைச்ச சின்ன கேனபியே (விரியிற பாராசூட் துணி) 210. வெளியேறும் எடை, அதாவது உடம்பும் ரிக்கும் சேர்த்து, 138 பவுண்டு. அதைக் கேனபியோட சதுர அடியால வகுத்தா வர்ற விங் லோடிங் (கூடினா வேகமும் கூடும்) 0.66! மாணவரா இருக்கும்போது மணிக்கு 14 மைல் காற்றுக்கு மேல விட மாட்டாங்க. லைசென்ஸ் வந்ததும் அந்த எல்லை போயிடும், நம்ம புத்திதான் எல்லை. மதியம் காத்து கொஞ்சம் ஏறினாலும் முன்னால போகாம, சில நேரம் பின்னால போய்க்கிட்டே இறங்கியிருக்கேன். ஹார்னஸ் (உடம்புல கட்டுற பட்டைகள்) ஆறடி ஆளுக்குத் தச்சது. கேனபி திறந்ததும் மார்புப் பட்டை தாடைக்கு ஏறிடும். ரிசர்வ் கைப்பிடி எங்கே இருக்குன்னு குனிஞ்சு பார்த்தா பட்டைதான் தெரியும். இதையா பாதுகாப்பான வழின்னு சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை

உங்கள் உடம்புக்கு அது சரி. அவர் 72 கிலோ, எல்லா டிராப் ஸோனும் அவர் அளவு ஆளை மனதில் வைத்துத்தான் வாடகை ரிக் வாங்குகிறது.

தும்பிப்பெண்

அவர் அளவு ஆள்தான் அங்கே நிறைய பேர்! சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் 190 கேட்டுப் பாருங்க. இருக்கிற இரண்டையும் யாரோ நாள் வாடகைக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க. மிச்சம் 240. ஒரு வாரம் நேவிகேட்டர், அடுத்த வாரம் பைலட்னு வேற மாடல், அதுக்கடுத்த வாரம் பிரேக் லைன் (திருப்ப, வேகம் குறைக்க இழுக்கிற கயிறு) நீளமே வேற மாதிரி இருக்கும் இன்னொண்ணு. ஃப்ளேர் (தரை தொடுறதுக்கு முன்னால பிரேக்கை இழுத்து வேகம் குறைக்கிறது) எந்த உயரத்துல பிடிக்கணும்னு கை பழகுறதுக்குள்ள கேனபி மாறிடும். புதுசா குதிக்கிறவங்க லேண்டிங்ல கால் உடைச்சுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

மடிப்புக்காரர்

அமெரிக்க விமானத் துறை (எஃப்ஏஏ) தரும் சீனியர் ரிக்கர் (பாராசூட் மடித்துப் பராமரிப்பவர்) உரிமம் வைத்திருக்கிறேன், வார இறுதிகளில் ரிசர்வ் மடிக்கிறேன். இரண்டு பேரும் வாடகையா சொந்தமா என்று அடித்துக்கொள்கிறீர்கள். அவர் கேட்டது அந்த ஒரு ரிக்கைப் பற்றி. அதில் யாரும் ரிசர்வைப் பார்க்கவில்லை.

72 கிலோ என்றால் 159 பவுண்டு. ரிக், உடை, ஹெல்மெட் எல்லாம் 28 பவுண்டு. வெளியேறும் எடை 187. இப்போதைய 220-ல் விங் லோடிங் 0.85. ஸேபர் 2 170-ல் 1.10. ஏ லைசென்ஸ் வந்த புதிதில் 1.0-க்குக் கீழே இருங்கள் என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். ஆனால் மெயினை மாற்றிக்கொள்ளலாம். பிடி 143-ல் பாருங்கள்: 1.31.

அந்த ரிசர்வ் எப்போது வெளியே வரும்? மெயின் சுற்றிக்கொண்டு, அதைக் கழற்றி விட்ட (கட் அவே) பிறகு, தரை நெருங்கிய நேரம், இறங்கும் இடம் உங்கள் கையில் இருக்காது, நெஞ்சு படபடக்கும். இன்னும் மோசமான நிலை, யாரோ மோதி நீங்கள் நினைவிழந்து, சைப்ரஸ் 750 அடியில் மூடும் கயிற்றை வெட்டி ரிசர்வைத் திறப்பது. அப்போது பிரேக்கை விடுவிக்கவோ ஃப்ளேர் பிடிக்கவோ ஆள் இல்லை. கேனபி எந்த வேகத்தில் தரைக்கு வருகிறதோ அதே வேகத்தில் நீங்களும். வாழ்நாளில் 170-ல் கூட ஒருமுறை இறங்காதவர், முதல் ரிசர்வ் பயணத்தை 143-ல் செய்வது எனக்கு உடன்பாடில்லை. பிடி நிறுவனமே அனுபவ வாரியாக எடை வரம்பு அட்டவணை போட்டிருக்கிறது. அதைத் திறந்து உங்கள் எடையைத் தேடிப் பாருங்கள்.

மேகக்காரன்

ரிசர்வை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ள முடியாதா? 176 ஒன்று தனியாகக் கிடைத்தால்?

மடிப்புக்காரர்

அந்தக் கன்டெய்னரில் நுழையாது. கன்டெய்னர் தைக்கும்போதே மெயினுக்கும் ரிசர்வுக்கும் இன்ன அளவு என்று தீர்மானித்துத்தான் தைக்கிறார்கள். மெயின் பக்கம் ஒரு அளவு கூடக்குறைய அனுசரிக்கலாம். ரிசர்வ் பக்கம் அந்த இடம் கொடுக்காது. திணித்து மூடினால் பைலட் ஷூட் (பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிக் குடை) கிளம்புவதும் ரிசர்வ் இருக்கும் பை வெளியே வருவதும் தாமதமாகலாம். நான் மட்டுமல்ல, பொறுப்புள்ள எந்த ரிக்கரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார்.

புதியவர்கள் பழைய ரிக் வாங்கும்போது மெயினின் நிறத்தையும் பெயரையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரிசர்வ் அளவு. அடுத்து கன்டெய்னர். மெயின் கடைசி.

கணக்குப்பிள்ளை

ஆக, நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம். வாடகை.

தும்பிப்பெண்

இல்லவே இல்ல. இந்த ரிக் வேண்டாம்னு அண்ணன் சொன்னார். ரிக்கே வேண்டாம்னு சொல்லல.

மடிப்புக்காரர்

தும்பி சொல்வதுதான் நான் சொன்னது. ஆனால் தும்பிக்கும் ஒரு வார்த்தை. 50 கிலோக்காரர் 1.0 லோடிங் வேண்டும் என்று 135-க்கு இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். 1.0 என்பது எல்லா அளவுக்கும் ஒரே அர்த்தம் தராது. கேனபி சிறுத்தால் லைனும் குட்டையாகும்; அதே லோடிங்கில் 135 திரும்பும் வேகம் வேறு, 190 திரும்பும் வேகம் வேறு. ஒல்லியானவர்கள் அட்டவணைக்கும் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும்.

தும்பிப்பெண்

தெரியும் அண்ணே. 150-லதான் இருக்கேன், 0.92. டிசைன் காட்டி 135 வாங்கச் சொன்ன ஆட்களும் இருந்தாங்க, காதுல போட்டுக்கல.

கோவைப்பருந்து

நான் கோயம்புத்தூர். வருடத்துக்கு ஒரு தடவை தாய்லாந்து போய் பட்டாயா பக்கம் குதித்துவிட்டு வருகிறேன். எனக்கு வாடகைதான். நம்மூரில் இருந்துகொண்டு ரிக்கைப் பராமரிக்க ரிக்கரைத் தேடி அலைய முடியாது. ஏர்போர்ட் செக்யூரிட்டியில் ஏஏடியைக் காட்டி, இது வெடிக்காது என்று விளக்குவதற்கே ஒரு மணி நேரம் போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆல்டிமீட்டர், ஹெல்மெட், கண்ணாடி, கையுறை மட்டும் சொந்தம். கைப்பையில் அடங்கிவிடும்.

இன்னொரு லாபம்: வீட்டில் ரிக் இல்லை என்றால் அம்மாவுக்கு விஷயம் தெரியாது.

மேகக்காரன்

அந்தக் கடைசி வரி என்னை யோசிக்க வைக்கிறது. அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் தங்க வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

ஆல்டிமீட்டர், ஹெல்மெட் விஷயத்தில் நானும் தும்பியும் ஒரே கட்சி. உடனே வாங்குங்கள். கையில் கட்டும் ஆல்டிமீட்டர் நம்முடையதாக இருந்தால் முள்ளோ எண்ணோ பார்த்த மாத்திரத்தில் மூளைக்கு எட்டும். ஜம்ப்சூட்டும் உடம்புக்குத் தக்கபடி. இவை கேனபி அளவு மாறினாலும் மாறாது. நான் சண்டை போடுவது ரிக்குக்கு மட்டும்தான்.

அதிலும் என் வாதம் பணம் மட்டுமில்லை. டிராப் ஸோன் வாடகை ரிக்கை அவர்கள் ரிக்கர் பார்க்கிறார். லைன் சுருங்கியிருக்கிறதா, பைலட் ஷூட் தேய்ந்திருக்கிறதா, சர்வீஸ் புல்லட்டின் (தயாரிப்பாளரின் எச்சரிக்கை அறிவிப்பு) வந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் தலைவலி. சொந்தமாக்கிய நாளிலிருந்து அது உங்கள் தலைவலி. 25 ஜம்ப் முடித்தவருக்கு இவற்றில் எத்தனை கண்ணுக்குத் தெரியும்?

தும்பிப்பெண்

தெரியாதுதான். வாடகையிலேயே இருந்தா எப்பவுமே தெரியாது. சொந்த ரிக் வந்தபிறகுதான் ஒவ்வொரு வார இறுதியும் நானே மடிச்சேன். மெயினைக் கழற்றி விடுற மூணு வளையம், மூடும் கயிறு, பைலட் ஷூட் உறை எல்லாத்தையும் கையால தொட்டுப் பார்க்கப் பழகினேன். வாடகை ரிக்கை இறக்கி வச்சதும் பேக்கர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார். பைக்கை எப்பவும் மெக்கானிக்கே துடைச்சுத் தந்தா செயின் எப்ப தளருதுன்னு ஓட்டுறவருக்கு எப்படித் தெரியும்?

மடிப்புக்காரர்

இதில் இரண்டு பேர் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் பழைய ரிக் வாங்கப் போகிறவர் தன் கண்ணை நம்ப வேண்டியதில்லை. காசு தருவதற்கு முன்னால், விற்பவருக்கு வேண்டியவர் இல்லாத ஒரு ரிக்கரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

என் மேஜைக்கு வருபவற்றில் வழக்கமாக மாட்டுவது இவைதான். ஸ்பெக்ட்ரா லைன்: உராய்வுச் சூட்டில் சுருங்கும், வெளிப்பக்கத்து லைன்களும் பிரேக் லைன்களும் முதலில். கேனபி தானாக ஒரு பக்கம் இழுக்கும். லைன் செட் மாற்ற நூற்றுக்கணக்கில் டாலர் ஆகும், அதை விலையில் கழியுங்கள். ரிசர்வில் தைத்திருக்கும் சீட்டு: பிடி ரிசர்வில் 40 ரீபேக், 25 திறப்புக்குக் கட்டம் போட்டிருப்பார்கள்; நிரம்பினால் தொழிற்சாலைக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தயாரிப்புத் தேதி: 20 வருடம் தாண்டியதை மடிக்க மறுக்கும் ரிக்கர்கள் உண்டு, நானும் ஒருவன். ஏஏடி: ஆர்கஸ் என்று ஒன்று இருந்தது. 2011-ல் பல கன்டெய்னர் நிறுவனங்கள் தங்கள் ரிக்கில் அதை வைக்கக் கூடாது என்று அறிவித்தன. அப்படி ஒன்றைச் சேர்த்து மலிவாக யாராவது நீட்டினால், ஏஏடி இல்லாத ரிக் என்றே கணக்குப் போடுங்கள்.

ஹார்னஸ் நீளம் அரை அங்குலம் முன்பின் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு அங்குலம் என்றால் மாஸ்டர் ரிக்கர் வெட்டித் தைக்க வேண்டும். எனக்கிருக்கும் உரிமத்தில் அதைத் தொடக்கூட முடியாது. அதற்கும் நூற்றுக்கணக்கில் டாலர்.

கணக்குப்பிள்ளை

லைன் செட், ஹார்னஸ் வேலை, ஏஏடி... 3,800 ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. தும்பி, அந்த 3,200-க்குத் திரும்ப விற்கும் கதை இப்போது எங்கே?

தும்பிப்பெண்

ஹார்னஸ் பொருந்தாத ரிக்கை நான் வாங்கச் சொல்லலையே. காத்திருந்து பொருந்துறதை வாங்கணும். நான் நாலு மாசம் காத்திருந்தேன். அந்த நாலு மாசமும் வாடகைதான், அதை ஒத்துக்கறேன். ஆனா வருஷக்கணக்கா வாடகை குடுத்துக்கிட்டே "இன்னும் தயாராகல"ன்னு சொல்ற ஆட்களையும் பார்த்திருக்கேன், வாரம் ஒரு ஜம்ப்போட வீட்டுக்குப் போயிடறாங்க. ஒவ்வொரு தடவை விமானம் ஏறும்போதும் மீட்டர் ஓடுதேன்னு மூணாவது ஜம்ப்பை விட்டுடறாங்க. பழக்கம் விட்டுப் போறதுதான் இந்த விளையாட்டுல பெரிய ஆபத்து.

கணக்குப்பிள்ளை

மீட்டர் ஓடாமல் இருக்கத்தான் நாள் வாடகை. நான் அப்படித்தான் எடுக்கிறேன். ஏழு சீசன் ஆகிறது, இன்னும் ரிக் வாங்கவில்லை, பழக்கமும் விட்டுப்போகவில்லை.

மேகக்காரன்

விற்பவரிடம் பேசிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரிசர்வ் பற்றிக் கேட்டதும், "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க, ரிசர்வை நீ என்ன தினமுமா திறக்கப் போற" என்றார். அதிலேயே முடிவாகிவிட்டது.

இப்போதைக்கு நாள் வாடகைக்கு 220, பயிற்சியாளர் சரி என்றதும் 190. அந்த நேரத்தில் மெயின் 190, ரிசர்வ் 176 கொள்கிற கன்டெய்னரைத் தேடுகிறேன். 190-ல் என் லோடிங் 0.98, ரிசர்வில் 1.06. இந்த அளவுகள் சரிதானே அண்ணே?

மடிப்புக்காரர்

சரி. 176 கிடைக்காவிட்டால் 193 பாருங்கள், 160-க்குப் போகாதீர்கள். கன்டெய்னர் கிடைத்து மெயின் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம்; தயாரிப்பாளர்கள் டெமோ கேனபி அனுப்புகிறார்கள், இரண்டு மூன்று மாடலைப் பறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். யாராவது விலை சொன்னால், முதலில் ரிசர்வ் டேட்டா கார்டையும் (மடித்த தேதிகளின் பதிவு) ஹார்னஸ் சீட்டையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். சீரியல் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

விலையையும் போடுங்கள். அதை நான் பார்க்கிறேன்.