ராத்திரி லோடு குறைஞ்சா காயில்ல ஐஸ் கட்டுது: பைபாஸா, அன்லோடரா?

குளிர்க்காத்து:
சென்னையில ஒரு ஆபரேஷன் தியேட்டர் ஏ.எச்.யூ. (குளிர்க்காத்து தள்ளுற யூனிட்). 15 டி.ஆர். (டன்), ஆர்-22 கேஸ், 4 சிலிண்டர் செமி-ஹெர்மெட்டிக் (மோட்டாரும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கிற) கம்ப்ரஸர், ஒரே எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்கு லிக்விடை அளந்து விடுறது). பகல்ல சக்ஷன் (கம்ப்ரஸர் உறிஞ்சுற பக்கத்து பிரஷர்) 65 பி.எஸ்.ஐ.ல நிக்குது. ராத்திரி லோடு 30 சதவீதம்தான். 40-க்கு இறங்கி, ஐஸ் கட்டி, எல்.பி. (லோ பிரஷர்) ட்ரிப் ஆகுது. ஃபில்டர், பெல்ட் ரெண்டும் சுத்தம். மெஷின் நின்னா மழைக்காலத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள்ள நிக்கிறதில்ல. டிஸ்சார்ஜ்லேர்ந்து (கம்ப்ரஸர் வெளியே தள்ளுற பக்கம்) ஹாட் கேஸை நேரா சக்ஷன் லைனுக்கு விடுற பைபாஸ் போடலாம்னு கான்ட்ராக்டர் சொல்றார். சரியா வருமா?

காப்பர்பைப்:
நேரா சக்ஷன்ல விடாதீங்க சார். செமி-ஹெர்மெட்டிக் மோட்டாரை குளிர்விக்கிறதே சக்ஷன் கேஸ்தான். அது சூடா வந்தா டிஸ்சார்ஜ் சூடு ஏறி, ஆயில் கருகி, வால்வு பிளேட் போயிடும். அங்கதான் விட்டாகணும்னா லிக்விட் இன்ஜெக்‌ஷன் வால்வு கூடவே வேணும்; அது லிக்விடை விட்டு கேஸைக் குளிர்விக்கும், அதோட பல்பு (பைப் சூட்டை உணர்றது) ரெண்டு கேஸும் கலந்த இடத்துக்கு அப்புறம் இருக்கணும்.

முதல்ல அன்லோடர் (சில சிலிண்டர்களை வேலை செய்யாம நிறுத்துறது) போடுங்க. 4 சிலிண்டர்ல ஒரு ஹெட்டை அன்லோடு பண்ணா 50 சதவீதம், கரண்டும் இறங்கும். பைபாஸ்ல ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. அதனால 50-க்குக் கீழ உள்ள மிச்சத்துக்கு மட்டும் பைபாஸை வச்சுக்கோங்க.

ஹாட் கேஸை எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் (காயில் குழாய்களுக்குப் பிரிச்சு விடுறது) நடுவுல, சைடு கனெக்டர்ல (பக்கவாட்டு இணைப்பு) விடணும். சூப்பர்ஹீட் (கேஸ் கொதிநிலைக்கு மேல ஏறின சூடு) ஏறினா காயில் கடைசியில இருக்கிற பல்பு பார்த்து எக்ஸ்பான்ஷன் வால்வு லிக்விடைக் கூட்டிக்கும். பலரும் கோட்டை விடுறது நாஸில்ல (சின்ன ஓட்டை உள்ள துண்டு): டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற நாஸிலைக் கழட்டி சைடு கனெக்டரோட வாயில, எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் மாட்டணும். அங்கேயே விட்டுட்டா ஹாட் கேஸும் அதே சின்ன ஓட்டையில நெருக்கும், வால்வுக்குப் பின்னாடி பிரஷர் ஏறி லிக்விட் வராது.

செட்டிங்: லோடு குறையிற மாதிரி காயில் முகத்தை அட்டையால கொஞ்சம் கொஞ்சமா மூடுங்க. சக்ஷன் 60-க்கு வரும்போது பைபாஸ் பைப் தொட்டா சுடத் தொடங்கணும். முழுசா திறக்க இன்னும் 8 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறங்கும், அதனால 52-ல திறக்கிற மாதிரி வச்சா லேட்டாயிடும்.

ஆயில்சம்ப்:
வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் குறைக்கிற கருவி) போடலாமேன்னு யாராவது வருவாங்க. இந்த மாதிரி ரெசிப்ரோவை (பிஸ்டன் கம்ப்ரஸர்) 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ விட்டா ஆயில் பம்ப் பிரஷர் போதாது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல 30-ன்னா 60 சதவீதம். உங்களுக்கு வேண்டியது 30 சதவீதம்.

அன்லோடருக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு. சக்ஷன் ரைசர்ல (மேலே ஏறுற பைப்) ஆயிலைத் தூக்க கேஸ் நொடிக்கு 7.5 மீட்டராவது ஓடணும். முழு லோடுல 10 இருந்தா அன்லோடு ஆனதும் 5 ஆயிடும், ஆயில் அடியிலேயே தேங்கும். ஏ.எச்.யூ. கீழ, கம்ப்ரஸர் மாடியிலன்னா டபுள் ரைசர் (ரெண்டு பைப்), அடியில ட்ராப் (ஆயில் தேங்குற வளைவு) வேணும்.

குளிர்க்காத்து:
மாடியிலதான். பாதி காயிலை சோலனாய்டு (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு) வச்சு மூடினா?

காப்பர்பைப்:
அன்லோடரோட சேர்ந்துதான் மூடணும். கம்ப்ரஸர் முழுசா ஓடும்போது பாதி காயிலை மூடினா சக்ஷன் இன்னும் இறங்கும், மிச்சப் பாதியில ஐஸ் கட்டும். அதுக்கு தனித்தனி எக்ஸ்பான்ஷன் வால்வும் வேணும். மேல்-கீழா பிரிச்ச காயில்னா மூடின பாதி வழியா ஈரக்காத்து அப்படியே உள்ள போயிடும். தியேட்டருக்கு ஒத்து வராது.

இன்னொண்ணு, பம்ப்-டவுன் (லிக்விடை மூடி, சக்ஷன் இறங்கினதும் மெஷின் நிக்கிற முறை) இருக்கா? இருந்தா பைபாஸுக்கு முன்னாடி ஒரு சோலனாய்டு போட்டு, லிக்விட் சோலனாய்டோட சேர்த்து ஆஃப் ஆகிற மாதிரி வயர் பண்ணுங்க. இல்லன்னா சக்ஷன் இறங்கவே இறங்காது, எல்.பி. கட் ஆகாம மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்.