மறுமொழி: ஏ.ஓ.சி.க்கு ‘உரிமம்’ வேண்டாம், ‘இயக்கத்தகுதிச் சான்று’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் இழையில் வந்த கேள்வி இது:

> ஏர் ஆப்பரேட்டர் சர்ட்டிபிகேட் (ஏ.ஓ.சி.) என்பதை ‘விமான சேவை உரிமம்’ என்று எழுதலாமா? வளரும் நாடுகளில் பத்திரமான புதிய விமான நிறுவனம் தொடங்குவதில் உள்ள தடைகள் பற்றிய கட்டுரை. விரைவில் அச்சுக்குப் போக வேண்டும்.

அப்படி எழுதினால் கட்டுரை எதைச் சொல்ல வந்ததோ அது அந்த ஒரு சொல்லிலேயே தொலைந்துவிடும். உரிமம் என்பது இந்தத் துறையில் ஏற்கெனவே வேறொன்றின் பெயர். விமான நிறுவனம் தொடங்குபவர் அரசிடம் இரண்டு தாள்கள் வாங்கியாக வேண்டும். முதலாவது, உரிமம் என்று சொல்லப்படுவது, வணிகம் பற்றியது. முதலாளி யார், கையில் பணம் எவ்வளவு, வெளிநாட்டுப் பங்கு எத்தனை விழுக்காடு, எந்தத் தடத்தில் பறக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துத் தருவது. இரண்டாவது, இந்த நிறுவனத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கத் தெரியுமா என்று சோதித்துப் பார்த்துத் தருவது. சிங்கப்பூரில் இவை தனித்தனி. இந்தியாவிலும் அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று முதலில், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஏ.ஓ.சி. பிறகு.

முதல் தாள் கைக்கு வந்த அன்றே நம் நாளிதழ்கள் ‘புதிய விமான நிறுவனத்துக்கு அனுமதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகின்றன. வண்ணம் பூசிய விமானத்தின் படமும் கூடவே வரும். அதன்பிறகு ஓராண்டு, ஈராண்டு பேச்சு மூச்சு இருக்காது. எங்கே போனது அந்த நிறுவனம் என்றால், இரண்டாவது தாளுக்காக வரிசையில் நிற்கிறது. வாடகைக்கு எடுத்த விமானம் பறக்காமல் நிற்க, வேலைக்கு எடுத்த விமானிகளுக்குச் சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதலீடு கரைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இரண்டு தாளுக்கும் ‘உரிமம்’ என்று ஒரே பெயர் வைத்தால் கட்டுரையாளர் இந்த இடைவெளியை எப்படி விளக்குவார்?

தமிழ்நாட்டில் தனியார் பஸ் நடத்திய குடும்பங்களைக் கேட்டால் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அங்கே தடத்துக்கு ஒரு பர்மிட், வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமம். மூன்றும் விமானத்துறையிலும் உண்டு. பஸ் தொழிலில் இல்லாத நான்காவது ஒன்று இங்கே இருக்கிறது: நிறுவனத்துக்கே எஃப்.சி. வண்டி நன்றாக இருக்கிறது, ஓட்டுநரும் கெட்டிக்காரர் என்பது போதாது. பயிற்சி தருபவர் யார், பழுதைப் பதிவு செய்பவர் யார், ‘இன்று பறக்க வேண்டாம்’ என்று விமானி சொன்னால் முதலாளி சத்தம் போடாமல் இருப்பாரா என்பதுவரை சோதனைக்குள் வரும். அந்தச் சோதனையில் தேறியதற்கான தாள்தான் ஏ.ஓ.சி. ஆகவே ‘தகுதி’ என்ற சொல் பெயருக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

> ‘வான்தகுதிச் சான்று’ என்று சுருக்கமாக முடித்துவிடலாமே?

கோவைப் பொறியாளர் ஐயாவின் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஒரு தனி விமானத்தின் தகுதிக்கு உரிய சொல். இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேப்பாளம் சாட்சி. 2023 ஜனவரி 15ஆம் தேதி காட்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்குப் போன ஏ.டி.ஆர். 72 விமானம் தரையிறங்கச் சில நொடிகள் இருக்கும்போது விழுந்தது. அதில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். பொக்காராவின் புதிய விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விசாரணையில் விமானத்தில் குறை எதுவும் தென்படவில்லை. இறக்கை மடல்களை நீட்டும் பிடியைத் தொட வேண்டிய கை, பக்கத்தில் இருந்த வேறு இரண்டு பிடிகளை நகர்த்திவிட்டது. எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஆனால் முன்னால் இருந்த சுழல்விசிறிகளின் இதழ்கள் காற்றைத் தள்ளாத கோணத்துக்குத் திரும்பிவிட்டன. புது விமான நிலையத்தில் இறங்கும் முறைக்கு விமானிகளுக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்று அறிக்கை குறை சொன்னது. வான்தகுதி இருந்தது. இல்லாமல் போனது மற்றது. அந்த மற்றதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

எனவே விமானத்துக்கு ‘வான்தகுதி’, நிறுவனத்துக்கு ‘இயக்கத்தகுதி’. ஏ.ஓ.சி. என்பது ‘இயக்கத்தகுதிச் சான்று’. ‘வானூர்தி இயக்குநர் சான்றிதழ்’ என்று முன்பு வந்த பரிந்துரையில் ‘இயக்குநர்’ என்பது டைரக்டரைத்தான் நினைவூட்டுகிறது. கோடம்பாக்கம் அந்தச் சொல்லை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

அடுத்து, ஏன் ‘சான்று’? யாழ்ப்பாணத்து அம்மா ‘அனுமதிப்பத்திரம்’ என்று எழுதியிருந்தார். சாரதி அனுமதிப்பத்திரம் என்று இலங்கையில் நன்றாகப் புழங்கும் சொல்தான். ஆனால் அனுமதி தருபவர் எதையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, மனம் வைத்தால் போதும். சான்று அப்படி இல்லை, பார்த்தவர் சொல்வதுதான் சான்று. ஏ.ஓ.சி. உண்மையில் ஓர் அரசு மற்ற அரசுகளின் முன் சொல்லும் சாட்சி: ‘இந்த நிறுவனத்தை நான் சோதித்திருக்கிறேன், உங்கள் ஊரில் இறங்கவிடுங்கள்’. நாடுகளுக்கிடையே விமானப் போக்குவரத்துக்கான 1944இன் சிகாகோ ஒப்பந்தமும் அதன் இணைப்புகளும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. சாட்சியை நம்ப முடியவில்லை என்று ஆகிவிட்டால் சான்றுக்கு மதிப்பில்லை. வளரும் நாட்டில் ஒருவர் எவ்வளவு நேர்மையாக நிறுவனம் தொடங்கினாலும் முட்டிக்கொள்ளும் பெரிய சுவர் இதுதான் என்று நினைக்கிறேன். கட்டுரையாளர் பணத்துக்கும் எரிபொருளுக்கும் கொடுத்திருக்கும் பக்கங்களில் பாதியை எடுத்து இதற்குக் கொடுக்கலாம்.

எங்கள் ஊரான சிங்கப்பூருக்கு வேண்டப்பட்ட ஒரு கதையையே சொல்கிறேன். சிங்கப்பூரின் ஸ்கூட்டும் தாய்லாந்தின் நோக் ஏரும் சேர்ந்து நோக்ஸ்கூட் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. பெரிய போயிங் 777 விமானங்கள், பின்னால் அனுபவமுள்ள தாய்வீடு. ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் பறப்பதுதான் திட்டம். 2015 தொடக்கத்தில் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தணிக்கை தாய்லாந்து அரசின் சான்றளிக்கும் முறையிலேயே கடும் குறை கண்டது. உடனே ஜப்பானும் கொரியாவும் தாய்லாந்து நிறுவனங்களின் புதிய சேவைகளுக்குக் கதவைச் சாத்தின. நோக்ஸ்கூட்டின் விமானங்களில் ஒரு திருகு தளர்ந்திருந்ததாக யாரும் சொல்லவில்லை. சான்று கொடுத்த கையெழுத்தை நம்பவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டு ஜூனில் தணிக்கை செய்த அமைப்பின் பட்டியலில் தாய்லாந்துக்குச் சிவப்புக் கொடி விழுந்தது. அரசு புதிதாக ஓர் ஆணையத்தை அமைத்து, ஏற்கெனவே சான்று பெற்ற நிறுவனங்களை முதலிலிருந்து மறுபடி சோதித்தது. கொடி இறங்க 2017 அக்டோபர் ஆனது. நோக்ஸ்கூட் 2020இல் மூடப்பட்டது. கொரோனா காலம் அது, ஆனால் தொடக்கத்தில் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

இந்தோனேசியாவில் இன்னும் கடுமை. 2007 ஜனவரி முதல் நாள் சுராபாயாவிலிருந்து மனாடோவுக்குப் பறந்த ஆதாம் ஏர் விமானம் 102 பேருடன் கடலில் விழுந்தது. திசையும் நிலையும் காட்டும் கருவி திரும்பத் திரும்பப் பழுதாகி, சரியாகத் தீர்க்கப்படாமலே ஓட்டப்பட்டிருந்தது. அந்த ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் தடைப்பட்டியலில் போட்டது. கருடா உட்படச் சில நிறுவனங்கள் 2009இல் வெளியே வந்தன. கடைசி நிறுவனம்வரை வெளியே வர 2018 ஜூன் ஆனது. நேப்பாள நிறுவனங்கள் 2013 டிசம்பரில் மொத்தமாக அந்தப் பட்டியலில் ஏறின. விமான நிலையங்களை நடத்தும் அமைப்பே சோதிக்கும் அமைப்பாகவும் இருப்பது அங்கே தீராத குறை. தேர்வு எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தினால் வெளியார் எப்படி நம்புவார்கள்?

சாட்சி ஏன் தேறுவதில்லை என்பதற்குக் காரணம் எளிது: சோதிக்க ஆள் இல்லை. ஒரு விமானியைச் சோதிக்க, அதே ரக விமானத்தை ஓட்டத் தெரிந்த மூத்த விமானி வேண்டும். அவருக்கு அரசுச் சம்பள விகிதத்தில் என்ன கொடுக்க முடியும்? அவர் சோதிக்கப் போகும் நிறுவனமே பல மடங்கு கொடுக்கும். அதைவிட வளைகுடா கொடுக்கும். இங்குள்ள சிங்கப்பூர் விமானத்துறைப் பயிற்சிக்கழகத்துக்கு, 1958இல் தொடங்கியது, பல நாடுகளிலிருந்து அதிகாரிகள் படிக்க வருகிறார்கள். அப்படி வந்த ஓர் ஆய்வாளருடன் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் பேசிக்கொண்டிருந்தேன். தன் நாட்டில் ஆய்வுக்குப் போக அலுவலகத்தில் பயணப் பணம் கிடையாதாம். சோதிக்கப்படும் நிறுவனமே டிக்கெட் கொடுத்து, ஓட்டலும் எடுத்துக் கொடுக்குமாம். இதைச் சொல்லும்போது அவர் வெட்கப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தட்டில் இருந்த நாசி லெமாக்கைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

சான்று வழங்கும் நடைமுறை ஐந்து கட்டமாக நடக்கும்: முன்பேச்சு, முறையான விண்ணப்பம், ஆவணச் சோதனை, நேரில் செய்துகாட்டல், கடைசியாகச் சான்று. மூன்றாவது கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கையேடுகளை வேறு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிப் பெயரை மட்டும் மாற்றித் தாக்கல் செய்வது இந்தத் துறையில் ஊரறிந்த ரகசியம். நூற்றுக்கணக்கான பக்கங்களில் எங்காவது ஓர் இடத்தில் பழைய நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். தங்களிடம் இல்லாத விமான ரகத்துக்கு நடைமுறை எழுதியிருக்கும். நல்ல ஆய்வாளர் கண்டுபிடித்துவிடுவார். ஆய்வாளரே இல்லாத ஊரில் அது அப்படியே சட்டமாகிவிடும்.

இனி, விமானத்தைக் குத்தகைக்கு எடுக்கும் இரு வகைகளான வெட் லீஸ், டிரை லீஸ். ‘ஈரக் குத்தகை, உலர் குத்தகை’ என்று யாரோ அனுப்பியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். தஞ்சாவூர்க்காரர் எவரும் நஞ்சை, புஞ்சை என்றுதான் படிப்பார். விமானம், விமானக் குழு, பராமரிப்பு, காப்புறுதி என நான்கும் சேர்ந்து வருவது முதலாவது. வெறும் விமானம் மட்டும் வருவது இரண்டாவது. ‘ஆளொடு குத்தகை’, ‘வெறுங்குத்தகை’ என்றால் விளக்கம் தேவைப்படாது. ஆளொடு குத்தகையில் பறப்பது கொடுத்தவரின் இயக்கத்தகுதியில். எடுத்தவர் டிக்கெட் விற்கிறார், அவ்வளவே. புதிய நிறுவனங்களுக்கு இது இனிப்பான வழி. கற்றுக்கொள்ளாமலே காலம் ஓட்டிவிடலாம்.

வெறுங்குத்தகையில் சுமை முழுவதும் எடுத்தவர் தலையில். குத்தகை முடிந்து திரும்பும் விமானங்களின் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு, ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் சுழலும் ஒவ்வொரு தட்டுக்கும் இத்தனை ஆயிரம் முறை ஏறி இறங்கலாம் என்று ஆயுள் கணக்கு உண்டு. அதை ‘பிறப்பு முதல்’ வரிசையாகக் காட்ட வேண்டும்: எந்த எஞ்சினில் எத்தனை முறை, கழற்றியது யார், எந்தப் பட்டறை, யார் கையெழுத்து. நடுவில் ஒரு நிறுவனம் திவாலாகி அதன் பெட்டிகள் தொலைந்திருந்தால், பளபளவென்று கண்ணாடிபோல் இருக்கும் அந்தத் தட்டு பழைய இரும்புக்குத்தான் போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய விமானத்தை எடுக்கும் புது நிறுவனங்கள் இந்தப் பெட்டிகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வாடகையும் உதிரிபாகமும் டாலரில், வரும்படி உள்ளூர்ப் பணத்தில் என்பது தனி வேதனை.

குத்தகை கொடுப்பவரின் பயமும் விலையில் ஏறும். 2023 மே மாதம் இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது, விமானத்தின் சொந்தக்காரர்கள் அவற்றைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய ஓராண்டு நீதிமன்றத்தில் நின்றார்கள். இதைத் தடுப்பதற்கென்றே 2001இல் கேப் டவுனில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று, இந்தியாவும் அதில் சேர்ந்திருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் உள்நாட்டுச் சட்டம் வந்தது 2025இல்தான்.

சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதும் சிக்கலை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத் தொட்டால் தீபாவளிவரை போகும். தேவையான இடத்தில் ‘பத்திரம்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதே நன்றாக இருக்கிறது, யாரும் திருத்த வேண்டாம்.

‘இயக்கத்தகுதிச் சான்று’ நீளம் என்று சிலர் சொல்லக்கூடும். எம்.ஆர்.டி.யை, அதாவது பெருவிரைவு ரயிலை, சிங்கப்பூரில் நாங்கள் சுருக்காமலே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். வேண்டுமானால் இரண்டாம் முறை வரும்போது ‘இயக்கச் சான்று’ என்று குறுக்கலாம். ‘உரிமம்’ என்ற சொல்லை முதல் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

நான்காம் கட்டத்தில் பயணிகளிடம் கட்டணம் வாங்காமல் ஆய்வாளரை ஏற்றிக்கொண்டு பறந்து காட்டுவார்களே, அதற்கு ‘ஒத்திகைப் பறப்பு’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. ஒத்திகையில் யாரும் தோற்பதில்லை, இதில் தோற்கலாம். ‘மெய்ப்பிப்புப் பறப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘மெய்ப்பு’ அச்சுக்கூடத்துச் சொல்லாயிற்றே என்று யாருக்காவது தயக்கம் இருந்தால், இன்னும் நல்ல சொல்லுடன் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூர் சிலேத்தாரிலிருந்து