கருப்பு கிரானைட்டில் இறங்காத டைமண்ட் பிளேடு: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு வேலை நடக்கிறது. சமையல் மேடையில் சிங்க் வைக்க 18 மி.மீ. கருப்பு கிரானைட்டை அறுக்க வேண்டும். பிளேடு கல்லில் இறங்கவே மாட்டேன் என்கிறது.

மெஷின் 4 அங்குல மார்பிள் கட்டர், 13,000 ஆர்.பி.எம். பிளேடு 110 மி.மீ., துளை 20 மி.மீ., செக்மென்ட் வகை (விளிம்பு இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இருக்கும்). தண்ணீர் விட்டுத்தான் ஓட்டுகிறோம். போன வாரம் இதே பிளேடு கான்கிரீட் தரையையும் செங்கல் சுவரையும் சுலபமாக அறுத்தது. கிரானைட்டில் ஒரு சாண் போவதற்குள் மெஷின் திணறுகிறது, தண்ணீரையும் மீறித் தீப்பொறி பறக்கிறது. பிளேடைக் கழற்றிச் செக்மென்டைத் தடவினால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, வைரத் துகள் விரலில் படவே இல்லை. பாலிஷ் ஓரமும் 2 மி.மீ. வரை பெயர்கிறது.

செங்கல்லில் ஓட்டித் தீட்டிப் பார்த்தோம். கொஞ்ச நேரம் வெட்டும், அப்புறம் பழைய கதைதான். ஒரேயடியாக இறக்காமல் 3 மி.மீ. ஆழமாகப் பல தடவை ஓட்டினோம். ஓரத்தில் டேப் ஒட்டினோம். பிளேடில் உள்ள அம்புக்குறி சரியான திசையில்தான் இருக்கிறது, வோல்டேஜும் சரி.

கடினமான கல்லுக்கு மென்மையான பாண்ட் (வைரத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் உலோகம்) வேண்டும், அப்போதுதான் அது தேய்ந்து புது வைரம் வெளியே வரும் என்பது தெரியும். ஆனால் கடையில் எதைக் கேட்டாலும் 'கிரானைட் பிளேடு' என்றே தருகிறார்கள். கவரில் பாண்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருப்பது ஒரே பலகை, அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காது.

இந்த மெஷினுக்கு செக்மென்ட், டர்போ (விளிம்பில் அலை அலையான வரி இருப்பது), முழு விளிம்பு (இடைவெளியே இல்லாதது) இவற்றில் எதை, என்ன அடையாளம் பார்த்து வாங்க வேண்டும்?